நீச்சல் குளமும் பன்னிரண்டு மாதங்களும்

நம் ஊர்ப்புறங்களில் நீச்சல் என்பது தனியே பள்ளி வைத்துக் கற்பிக்கப்பட்ட கலையன்று. ஆற்றங்கரையில் வளர்ந்தவன் ஆற்றில் கற்றான். ஆறில்லாத ஊரில் பிறந்தவன் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, மாமனின் கைகளை நம்பித் தோட்டக் கிணற்றில் குதித்தான். பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்துவிட்ட நமக்கு அந்தக் கிணறும் இல்லை. அருகே ஓடும் யமுனையோ தில்லி எல்லைக்குள் நீராடுவதற்கு ஏற்றதாக இல்லை. ஆகவே நம் பிள்ளைகளுள் பலர், கல்லூரியில் சேரும் வயது வந்தும் நீந்தத் தெரியாதவர்களாகவே இருக்கின்றனர். விடுமுறையில் ஊருக்குச் சென்று, ஆற்றைக் கண்ட மகிழ்ச்சியில் ஆழம் அறியாமல் இறங்குபவர்களும் இவர்களே. இந்த அச்சமே, கிழக்குத் தில்லியில் யமுனைக்குச் சற்று அருகில் உள்ள எங்கள் குடியிருப்பில், வீட்டுக்காரர்கள் கூடிப் பணம் திரட்டிச் சிறு நீச்சல் குளம் ஒன்றை அமைத்ததற்குக் காரணம்.

அமைத்தது எளிதாயிற்று, பேணுவதைத்தான் பட்டுக் கற்றோம். கற்றதைச் சுருங்கச் சொன்னால் இதுதான்: குளத்தின் ஆயுளை முடிவு செய்பவை நாம் நீந்துகின்ற ஆறு மாதங்கள் அல்ல, நீந்தாத ஆறு மாதங்களே. இதன் காரணத்தை நேயர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் குளம் கண்ணாடி இழையால் ஆனது. நுண்ணிய கண்ணாடி நூல்களைச் செயற்கைப் பிசினில் தோய்த்து, அச்சின்மேல் படிய வைத்து, ஒரே துண்டாக வார்த்த பெருந்தொட்டி அது. குழி தோண்டி, மணற்படுகை இட்டு, தொட்டியை இறக்கிச் சுற்றிலும் மணலும் சரளையும் நிரப்பிவிட்டால் குளம் ஆயத்தம். அதன் உட்புறத்தில் வழவழப்பான பூச்சு ஒன்று உண்டு. சிமெண்டுச் சுவரில் பாசி வேரூன்றுவதுபோல் இதில் எளிதில் பற்றிக்கொள்வதில்லை. ஆனால் அந்தப் பூச்சு மென்மையானது. கம்பித் தூரிகையும் பாத்திரம் தேய்க்கும் பொடியும் அதற்குப் பகை. மெல்லிய தூரிகை, பஞ்சு இவற்றுக்கு மேற்பட்ட ஒன்றும் அதன்மீது படலாகாது.

இத்தொட்டியின் எடையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், சராசரியாக 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளம் 21,600 லிட்டர் நீர் கொள்ளும். அந்நீரின் எடை 21 டன்னுக்கும் மேல். தொட்டியின் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. ஆகவே தொட்டியை மண்ணில் நிலைநிறுத்தி வைப்பது அதனுள் இருக்கும் நீரே என்பது விளங்கும். நீரை இறைத்துவிட்டால் அது வெறும் ஓடம். சுற்றிலும் நிலத்தடி நீர் உயர்ந்திருக்குமானால், ஓடம் மிதக்கத்தானே செய்யும்?

இந்த எளிய உண்மையை நாங்கள் விலை கொடுத்தே அறிந்தோம். 2021ஆம் ஆண்டு தீபாவளி கழிந்ததும், இனிக் குளிர்காலம் முழுவதும் யாரும் நீந்தப் போவதில்லை, மருந்துச் செலவும் மின்சாரச் செலவும் மிஞ்சட்டும் என்று எண்ணிக் குளத்தை அடியோடு இறைத்துவிட்டோம். மழைக்காலம் முடிந்த அந்நாட்களில்தான் ஆற்றோர மண்ணில் நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. பத்தே நாட்களில் குளத்தின் ஒரு விளிம்பு இரண்டு விரற்கடை மேலெழும்பிவிட்டது. கரையில் பதித்த கற்கள் விரிந்தன. அடிக்குழாயின் இணைப்பு முறிந்தது. மிஞ்சும் என்று எண்ணிய தொகையைப்போல் பல மடங்கு பழுதுபார்ப்பில் போயிற்று. அன்று வெறுந்தொட்டியின் ஓரத்தில் பந்தைத் தேடிக்கொண்டு நின்ற சிறுவன் ஒருவனைக் கண்டு நெஞ்சம் துணுக்குற்றதையும் மறைப்பதற்கில்லை. நீரில்லாத குளமும் ஒரு பாழ்ங்கிணறுதான்.

அதற்குப் பின், துளையிட்ட குழாய் ஒன்றைத் தொட்டியின் அருகே சரளையில் செங்குத்தாகப் புதைத்து வைத்தோம். அதனுள் ஒரு கோலை விட்டுப் பார்த்தால் நிலத்தடி நீர் எவ்வளவில் நிற்கிறது என்பது தெரியும். 2023 ஜூலை 13 அன்று, பழைய இரயில் பாலத்தருகே யமுனையின் மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டர் என்ற பழைய உச்சத்தை அது கடந்துவிட்டது. வெள்ளம் எங்கள் வாயில்வரை வரவில்லை. எனினும் குழாயில் நீர் ஏறியதைக் கண்கூடாகக் கண்டோம். குளம் நிறைந்திருந்தது, ஆகவே அசையவில்லை. நீரை மாற்றியே தீரவேண்டிய நிலை வந்தாலும், கோடையில் குழாயைப் பார்த்த பின்னர், ஒரு தடவைக்குக் கால் பங்குக்கு மேற்படாமல் இறைத்து நிரப்புவதே இப்போது எங்கள் வழக்கம்.

இனி, நிறைந்து நிற்கும் நீரைக் கெடாமல் காப்பதைப் பற்றிச் சொல்வோம். தெளிவாக இருக்கும் நீரெல்லாம் தூய நீரன்று. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைக் கொல்வது குளோரின். ஒரு லிட்டர் நீரில் 1 முதல் 3 மில்லிகிராம் வரை அது எப்போதும் எஞ்சி நிற்கவேண்டும். நாம் கூறிய அளவுள்ள குளத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் உயர்த்துவதற்கு, 65 சதவீத வலிமையுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் ஏறக்குறைய 33 கிராம் போதும். அதனை அப்படியே தூவினால், கரையாத துகள்கள் அடியில் தங்கிப் பூச்சை வெளுத்துவிடும். ஆகவே வாளி நீரில் கரைத்தே ஊற்றவேண்டும். நீரில் மருந்தை இடலாமே அன்றி, மருந்தின்மீது நீரை ஊற்றுதல் ஆகாது.

குளோரின் தன் தொழிலைச் செய்வதற்கு நீரின் பி.எச். எண் ஒத்து வரவேண்டும். அது 7.2க்கும் 7.6க்கும் இடையே இருப்பது நலம். 7.5 என்னும் நிலையில் குளோரினில் ஏறத்தாழப் பாதி வீரியத்துடன் நிற்கிறது. 8ஐ எட்டினால் கால் பங்குதான். எனவே முதலில் பி.எச். எண்ணைச் சீர்செய்து, பின்னரே குளோரின் இடுதல் முறை. எண் உயர்ந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும், தாழ்ந்தால் சலவைச் சோடாவும் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். அமிலத்தையும் குளோரின் மருந்தையும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயு எழும். குளோரின் மருந்துகளிலேயே இரு வேறு வகைகளை ஒரே பாத்திரத்தில் கலந்தால் தீப்பற்றுவதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி வாளி, தனிக் கரண்டி, தனி அலமாரி வைத்தல் இன்றியமையாதது.

குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வீசினால் மருந்து மிகுந்துவிட்டது என்று பலர் கருதுகின்றனர். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. வியர்வை முதலிய உடற்கழிவுகளோடு கூடிச் செயலற்றுப்போன குளோரினே அந்நெடிக்கும் கண்ணெரிச்சலுக்கும் காரணம். நீந்துமுன் ஒவ்வொருவரும் உடலைக் கழுவி இறங்கினால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

தில்லியின் பருவங்கள் குளத்துக்கு வெவ்வேறு சோதனைகளை வைக்கின்றன. ஹோலிக்கு முன்பின்னாக வேம்பும் அரசும் இலை உதிர்க்கும். அவை அடியில் கிடந்து ஊறினால் கறை படியும். வலையால் அன்றாடம் அரித்தெடுப்பது நலம். ஹோலியன்று சாயம் பூசிய மேனியோடு எவரையும் குளத்தில் இறங்கவிடலாகாது. அச்சாயம் வடிகட்டியை அடைத்துப் பூச்சிலும் படியும்.

கோடையில் வெயிலே முதற்பகை. தடுப்புப் பொருள் கலவாத குளோரினைக் கதிரவன் இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் அழித்துவிடுவான். ஆகவே மருந்தை மாலையில் இடுகிறோம். நீரும் நாள்தோறும் ஆவியாகும். மட்டம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலே 180 லிட்டர் போயிற்று என்று பொருள். போவது நீர் மட்டுமே, உப்புக்கள் தங்கிவிடும். அதன்மேல் ஆழ்துளைக் கிணற்றின் கடுநீரை மேலும் மேலும் ஊற்றினால், நீர்மட்டக் கோட்டில் வெண்படலம் படியும். இரவில் விரிப்புப் போட்டு மூடுவது நீரையும் மருந்தையும் ஒருங்கே மிச்சப்படுத்தும். புழுதிக்காற்று வீசிய மறுநாள் வடிகட்டியின் அழுத்தமானியைப் பார்க்கவேண்டும். வழக்கமான அளவுக்கு மேல் அரை கிலோவுக்கு அதிகமாக முள் ஏறியிருந்தால், மணலை எதிர்நீர் விட்டுக் கழுவவேண்டும் என்பது பொருள்.

தில்லியில் பருவமழை வழக்கமாக ஜூன் 27ஆம் நாளையொட்டித் தொடங்கிச் செப்டம்பர் 25 அளவில் விலகும். மழைநீர் மென்னீர்; கோடையில் சேர்ந்த உப்பைத் தணிக்கும். ஆயினும் குளோரினையும் அது நீர்த்துப்போகச் செய்யும். பெருமழை பெய்த ஒவ்வொரு நாளும் நீரைச் சோதித்தல் வேண்டும். ஒரு வாரம் அயர்ந்திருந்தால் பாசி படர்ந்துவிடும். குளத்தின் அடியிலுள்ள வடிகால் மூடி கண்ணுக்குத் தெரியாவிட்டால் எவரும் இறங்கலாகாது. கலங்கல் நீரில் மூழ்கிய குழந்தையைக் கரையில் நிற்பவர் காண இயலாதன்றோ?

தீபாவளிக்குப் பின் வருவதே மறதியின் காலம். நீந்துவோர் இல்லை, எனவே பார்ப்போரும் இல்லை. நல்வாய்ப்பாகத் தில்லியின் குளிர் நீரை உறைய வைப்பது மிக அரிது. குழாய்களை வடிக்க வேண்டியதில்லை. கோடையில் எட்டு மணி நேரம் ஓடிய நீரேற்றி, குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம் ஓடினால் போதும். வாரம் ஒரு முறை சோதித்து, குளோரின் 1 மில்லிகிராமுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் செலவு மிகச் சிறிது. குளிர் இறுகுமுன் இதில் தவறினால், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தேங்கிய நீரில் முட்டையிடும். ஏழு முதல் பத்து நாட்களில் அம்முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். விரிப்பின்மேல் தேங்கும் மழைநீரும் அதற்குப் போதுமானது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. குளத்தைச் சுற்றி, குழந்தை ஏற முடியாத வேலியும், தானே மூடிக்கொள்ளும் கதவும் பன்னிரண்டு மாதமும் இருக்கவேண்டும். விரிப்பு வேலியாகாது, அதன்மேல் கால் வைத்த குழந்தை அடியில் சிக்கிக்கொள்ளும். நீந்தும் வேளையில் பெரியவர் ஒருவர், கையில் தொலைபேசியின்றி, கண்ணை நீரிலேயே வைத்து அமர்ந்திருக்கவேண்டும்.

எங்கள் குடியிருப்பில் இப்போது வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்திருக்கிறோம். அந்த வாரம் நீரைச் சோதிப்பதும் குறிப்பேட்டில் எழுதுவதும் அவ்வீட்டார் பொறுப்பு. சிறுவர்களும் ஆவலோடு சோதனைக் குழாயை வெயிலில் தூக்கி நிறம் பார்க்கிறார்கள். சென்ற கோடையில், முன்னொரு நாள் வெறுந்தொட்டியின் ஓரம் நின்ற அச்சிறுவன், கரையிலிருந்து கரைவரை ஒரே மூச்சில் நீந்தினான். அடுத்த விடுமுறையில் தாத்தாவின் ஊர் ஆற்றில் இறங்குவானாம். பெரியவர் ஒருவர் துணையிருக்க இறங்கட்டும். மார்கழிக் குளிரில், யாரும் நீந்தாத நீரை எங்களுள் ஒருவர் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதியதும் இதற்காகத்தான்.