கடலை போட்டு போக்கர் கத்துக்கிட்டோம்!

கடலை போடுறதுக்கு நம்ம ஊர்ல இடமா இல்ல? கேன்டீன் பெஞ்ச், பஸ் ஸ்டாப், லைப்ரரி மாடிப்படி... ஆனா, நிஜக் கடலையை நடுவுல குவிச்சு வெச்சு, அதுக்காக ஆறு பேர் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டு உட்கார்ந்தது பிளவக்கல் அணைக்கரையிலதான்!

ராஜபாளையம் கோஷ்டி நாலு பேர், ஸ்ரீவில்லிபுத்தூர் கோஷ்டி மூணு பேர். கிருஷ்ணன்கோவில்ல இறங்கி, வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடிச்சு, அங்கிருந்து தென்னந்தோப்பு எல்லாம் தாண்டி மலையடிவாரம் வந்தாச்சு. பிளவக்கல்னா ஒரு அணை இல்லீங்க, ரெண்டு. பெரியாறு, கோவிலாறு. (முல்லைப் பெரியாறு வேற, இது வேற. ஒவ்வொரு தடவையும் வெளியூர் நண்பர்களுக்கு இதைச் சொல்லியே வாய் வலிக்குது!) புளியோதரை காலி. பால்கோவா காலி. மணி பன்னிரண்டரை. செல்போன்ல டவரும் காலி. அப்பதான் ஒருத்தன் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தான்.

"ரம்மி வேணாம்டா, போரடிக்குது. 'கேசினோ ராயல்' படத்துல ஜேம்ஸ்பாண்ட் ஆடுவாருல்ல, அது ஆடுவோம்!"

எல்லோருக்கும் ஆசை. ஒருத்தருக்கும் ரூல் தெரியாது. கூட வந்திருந்த ஃபைனல் இயர் அண்ணன் மட்டும் கொஞ்ச நேரம் தண்ணியவே பார்த்துட்டு இருந்துட்டு, "நான் ஆட மாட்டேன். வேணும்னா சீட்டு போட்டுச் சொல்லித் தர்றேன். ஆனா காசு கூடாது"ன்னாரு. காசுக்குப் பதிலா வந்ததுதான் அரைக்கிலோ வறுத்த கடலை. ஆளுக்கு நாப்பது. தோல் உரிக்கக் கூடாது, உரிச்சா அவுட்!

இனி நீங்களும் எங்க கூட உட்காருங்க.

உலகம் முழுக்க அதிகமா ஆடுற வகைக்குப் பேரு டெக்சாஸ் ஹோல்டெம். ஆளுக்கு ரெண்டே சீட்டு, கவுத்துப் போடுவாங்க. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் நடுவுல அஞ்சு சீட்டு திறந்து வரும். அது எல்லோருக்கும் பொது. உங்க ரெண்டு, பொது அஞ்சு, ஆக ஏழு. இந்த ஏழுல சிறந்த அஞ்சு யாருக்கு அமையுதோ அவங்களுக்கு நடுவுல இருக்குற குவியல். அந்தக் குவியலுக்கு 'பாட்'னு பேரு. பானைதான், வேறென்ன!

பொதுச் சீட்டு ஒரே மூச்சுல வராது. முதல்ல மூணு (ஃப்ளாப்), அப்புறம் ஒண்ணு (டர்ன்), கடைசியா ஒண்ணு (ரிவர்). கைச்சீட்டைப் பார்த்த உடனே ஒரு சுற்று பந்தயம். பிறகு இந்த மூணு கட்டத்துக்கும் ஒவ்வொரு சுற்று. ஆக மொத்தம் நாலு. உங்க முறை வரும்போது செய்ய முடிஞ்சது கொஞ்சம்தான். யாரும் இன்னும் போடலைன்னா 'செக்' சொல்லிச் சும்மா இருக்கலாம், இல்ல நீங்களே ஆரம்பிக்கலாம். யாராவது போட்டிருந்தா, அதே அளவு போடுறது 'கால்', ஏத்திப் போடுறது 'ரெய்ஸ்', சீட்டைக் கவுத்து வெச்சுட்டு ஒதுங்குறது 'ஃபோல்ட்'. ஒதுங்கிட்டா, அதுவரைக்கும் போட்டது போனதுதான்.

யாருமே போடாம வேடிக்கை பார்த்தா ஆட்டம் ஓடாதுல்ல? அதுக்காக சீட்டு போடுறவருக்கு அடுத்த ஆள் ஒரு கடலை, அதுக்கு அடுத்த ஆள் ரெண்டு கடலை, சீட்டைப் பார்க்குறதுக்கு முன்னாடியே வைக்கணும். ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். இந்த முறை சுத்திச் சுத்தி எல்லோருக்கும் வரும். எங்களுக்குச் சீட்டு போட்டது அண்ணன் ஒருத்தரே. அதனால போடுற முறை யாருதுன்னு அடையாளத்துக்கு, காலியான பால்கோவா டப்பா மூடி ஆள் மாறி ஆள் நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு!

அடுத்தது எது பெருசுங்கிற பிரச்னை. இதுலதான் நாங்க அத்தனை பேரும் கவுந்தோம். ரம்மி ஆடி வளர்ந்த கைக்கு சீக்வென்ஸ்தான் சாமி. ஒருத்தன் 5, 6, 7, 8, 9 வெச்சுக்கிட்டு குதிச்சான். எதிர்ல இருந்தவ அஞ்சும் கிளாவரா காட்டி கடலையை அள்ளிட்டா. "இது அநியாயம்!"னு ஒரே சத்தம்.

"மனப்பாடம் பண்ணாதீங்க. எது அபூர்வமோ அது பெருசு, அவ்வளவுதான்"னாரு அண்ணன். 52 சீட்டுல அஞ்சை எடுக்க 25,98,960 வழி இருக்கு. (கணக்கு டிபார்ட்மென்ட் பொண்ணு ஒரு பிட்டு பேப்பர்ல போட்டுச் சரிபார்த்தா!) அதுல தொடர்ச்சியா வர்ற 'ஸ்ட்ரெய்ட்' 10,200 வகை. ஒரே ஜாதியா வர்ற 'ஃப்ளஷ்' 5,108 தான். அதனால ஃப்ளஷ் பெருசு. மூணு ஒரே நம்பர் கூட ஒரு ஜோடி சேர்ந்தா 'ஃபுல் ஹவுஸ்', 3,744. நாலும் ஒரே நம்பர்னா 624. ஒரே ஜாதியில தொடர்ச்சியா வர்றது 40 தான். அதுல உச்சாணிக் கொம்பு, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ்: ராயல் ஃப்ளஷ். நாலு ஜாதிக்கு நாலே நாலு! கீழே வந்தா, ஸ்ட்ரெய்ட்டுக்கு அடுத்து மூணு ஒரே நம்பர், அப்புறம் ரெண்டு ஜோடி, ஒரு ஜோடி, எதுவுமே இல்லைன்னா கையில இருக்குற பெரிய சீட்டு. அஞ்சு சீட்டு எடுத்தா பாதித் தடவை இந்த 'எதுவுமே இல்ல' கேஸ்தான் வரும்.

"எங்க மாமா மூணு சீட்டு ஆடுவாரு. அதுல ஒரே ஜாதியை விட சீக்வென்ஸ்தானே பெருசு?"ன்னு ஒருத்தன் விடல. அதுவும் சரிதான். மூணே சீட்டுன்னா 22,100 வகை. அதுல ஒரே ஜாதி 1,096, சாதா சீக்வென்ஸ் 720. சீட்டு எண்ணிக்கை மாறினா எது அபூர்வங்கிறதும் மாறிடுது. சட்டம் ஒண்ணுதான், கணக்குதான் வேற. இந்த ஒரு விஷயத்துக்காகவே ப்ராபபிலிட்டி பேப்பரை ஒழுங்கா படிச்சிருக்கலாம்னு தோணுச்சு!

இனி நான் தோத்த கதை. என் கையில ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் 9. ஃப்ளாப்ல ஆட்டின் 2, ஆட்டின் 6, கிளாவர் ராஜா. நாலு ஆட்டின் ஆச்சு, இன்னும் ஒண்ணு வந்தா ஃப்ளஷ்! டர்ன்ல வந்தது இஸ்பேட் 4. பாட்டுல பத்துக் கடலை இருக்க, கணக்குப் பொண்ணு கண்ணை மூடாம இன்னொரு பத்தை நகர்த்தினா. பாட் இருபது ஆயிடுச்சு. நான் யோசிக்கவே இல்ல. 'கால்'! ரிவர்ல வந்தது டைமண்ட் 7. அவ பதினஞ்சு போட்டா. நான் கவுத்துட்டேன்.

அண்ணன் என் சீட்டைத் திருப்பிப் பார்த்துட்டு மணல்ல கணக்கு போட்டாரு. பார்க்காத சீட்டு 46. அதுல ஆட்டின் 9. ஏறக்குறைய அஞ்சுல ஒரு தடவைதான் வரும். அவ கையில ஒரு ஜோடி இருக்குன்னே வெச்சுக்கோ. பத்து கொடுத்து இருபதுக்கு ஆசைப்படுற. அஞ்சு தடவை இப்படிப் போனா, நாலு தடவை பத்து பத்தா நாப்பது போகும், ஒரு தடவை இருபது வரும். நிகர நஷ்டம் இருபது. அதே சீட்டுக்கு அவ ரெண்டே கடலை போட்டிருந்தா பாட் பன்னிரண்டு. நாலு தடவையில எட்டு போகும், ஒரு தடவையில பன்னிரண்டு வரும். லாபம் நாலு. "சீட்டு நல்லாருக்கான்னு கேக்காத. இந்த விலைக்கு நல்லாருக்கான்னு கேளு!"

சரி, அவகிட்ட என்னதான் இருந்துச்சு? சிரிச்சுக்கிட்டே திருப்பினா. டைமண்ட் 8, கிளாவர் 3. ஒண்ணுமே இல்ல! கடைசி வரைக்கும் நின்னிருந்தா என் ஜாக்கியே ஜெயிச்சிருக்கும். அடிப்பாவி!

இந்தப் புளுகுக்குப் பேரு 'பிளஃப்'. இது வெறும் ஏமாத்து வேலை இல்ல. ஜான் வான் நாய்மன்னு ஒரு கணித மேதை, மார்கன்ஸ்டர்ன்ங்கிற பொருளாதார அறிஞரோட சேர்ந்து 1944-ல வெளியிட்ட புத்தகத்துல போக்கருக்குன்னே ஒரு பகுதி இருக்கு. நல்ல சீட்டு இருக்கும்போது மட்டுமே போடுறவன் போட்ட உடனே எல்லோரும் ஒதுங்கிடுவாங்க, அதனால அப்பப்ப பொய்யும் கலக்கணும்ங்கிறதைக் கணக்காவே காட்டியிருக்காங்க. 2019-ல ப்ளூரிபஸ்ங்கிற கம்ப்யூட்டர் புரோகிராம் ஆறு பேர் மேஜையில தொழில்முறை ஆட்டக்காரர்களை ஜெயிச்சுது. அதுவும் பிளஃப் அடிச்சுத்தான்!

மணி மூணு. அணை வாட்ச்மேன் ஐயா வந்து எட்டிப் பார்த்தாரு. "என்னப்பா, காசு வெச்சு ஆடுறீங்களா?" "கடலை வெச்சு ஐயா!" ரெண்டு கடலையை எடுத்து வாயில போட்டுட்டுப் போனாரு.

அதைப் பார்த்த அண்ணனுக்கு என்ன தோணுச்சோ, "இப்ப ஒரு புது ரூல்"னாரு. மறுபடி ஆளுக்கு நாப்பது, மொத்தம் 240. ஒவ்வொரு ஆட்டத்துலயும் யார் ஜெயிச்சாலும் பாட்டுலேருந்து ரெண்டு கடலை அண்ணனுக்கு. சும்மா ரெண்டுதானே, யாருக்கும் உறைக்கல. முப்பது ஆட்டம் முடிஞ்சதும் எண்ணச் சொன்னாரு. கணக்குப் பொண்ணுகிட்ட 71. மத்த அஞ்சு பேருமே நாப்பதுக்குக் கீழ. எங்க எல்லோர்கிட்டயும் சேர்த்து 180. மீதி அறுபது, ஒரு ஆட்டம்கூட ஆடாத அண்ணன் மடியில!

"இதுக்குப் பேரு ரேக். ஆப்ல இதை யாரும் எண்ணிக் காட்ட மாட்டாங்க தம்பி."

அப்புறம்தான் சொன்னாரு. அண்ணனோட அப்பா சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யுற தறியில வேலை. ஃபர்ஸ்ட் இயர்ல இவரு ஃபோன்ல போக்கர் கத்துக்கிட்டாரு. கணக்கெல்லாம் கரெக்டா தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு மேல, ஒரே நேரத்துல மூணு மேஜை. நாம சாயங்காலம் முழுக்க ஆடுற ஆட்டத்தை அதுல அரைமணி நேரத்துல ஆடிடலாம். எதிர்ல யாருன்னு தெரியாது, முகமும் தெரியாது. ஜெயிச்சப்ப திறமைன்னு நினைச்சாரு. தோத்தப்ப, இன்னொரு ஆட்டம் ஆடினா பிடிச்சிடலாம்னு நினைச்சாரு. அந்த செமஸ்டர் ஃபீஸ் கட்ட வெச்சிருந்த பணம் மூணு ராத்திரியில போச்சு. வீட்ல சொல்ல ரெண்டு மாசம் ஆச்சு. "விட்டதைப் பிடிக்கணும்னு உட்கார்ந்தா அந்தக் கணக்கெல்லாம் மறந்து போகுதுடா. ஃபோல்ட் பண்ண கையே வராது."

கொஞ்ச நேரம் யாரும் பேசல.

இது திறமையா, அதிர்ஷ்டமாங்கிற பஞ்சாயத்து நம்ம கோர்ட்டுகள்ல ரொம்ப வருஷமா நடக்குது. சீட்டுகளை ஞாபகம் வெச்சு ஆடுறதால ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டுதான், மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 1967-லயே சொல்லிடுச்சு. தமிழ்நாட்டு அரசு 2021-ல கொண்டு வந்த ஆன்லைன் தடையை அந்த வருஷம் ஆகஸ்ட்லயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. அடுத்து 2022-ல சட்டமன்றத்துல இன்னொரு சட்டம். அதோட அட்டவணையில ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுன்னு பேரோட இருந்துச்சு. 2023 நவம்பர்ல, சட்டம் செல்லும், ஆனா இந்த ரெண்டையும் அதிர்ஷ்டப் பட்டியல்ல சேர்த்தது செல்லாதுன்னு தீர்ப்பு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் இந்தக் கேள்வியையே ஓரம்கட்டிடுச்சு. இணைய விளையாட்டுச் சட்டத்தின்படி, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் எல்லாமே தடை. நடத்துறவங்களுக்கு மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

என்னைக் கேட்டா, கோர்ட்ல நடந்த வாதத்தைவிட அண்ணன் மடியில இருந்த அறுபது கடலை எனக்கு நல்லாப் புரிஞ்சுது. திறமையான ஆட்டம்தான். அண்ணன் திறமையானவர்தான். தோத்ததும் அவர்தான். உங்க ஹாஸ்டல்லயும் இப்படி ராத்திரி தூங்காம, ஃபோனைக் கவுத்து வெச்சுக்கிட்டு யாராவது இருந்தா, அட்வைஸ் பண்ணாம பக்கத்துல போய் உட்காருங்க. மனசுவிட்டுப் பேச 14416-ங்கிற டெலிமானஸ் இலவச எண் இருக்கு. நம்பர் தெரிஞ்சிருந்தா முன்னாடியே பேசியிருப்பேன்னு அண்ணனே சொன்னாரு.

மலைக்குப் பின்னாடி வெயில் இறங்கிடுச்சு. வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து அண்ணன் அந்த அறுபது கடலையையும் உரிச்சு ஆளாளுக்குப் பங்கு போட்டாரு. கணக்குப் பொண்ணு மட்டும் 71 கடலையை கைக்குட்டையில முடிஞ்சு வெச்சுக்கிட்டு கிருஷ்ணன்கோவில் வரைக்கும் ஒண்ணுகூடத் தரல. என் பங்குல வந்த முதல் கடலை... சொத்தை!