அட்டன் கடைவீதியில் ஒரு புல்புல்தாரா

சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் அட்டன் கடைவீதி எவ்வாறு இருக்கும் என்பதைத் தோட்டத்திற் பிறந்தவர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மலைச்சரிவுகளிலிருந்து குறுக்குப் பாதை வழியே இறங்கி வரும் சனக்கூட்டம், அரிசி மூடை இறக்கும் லொறிகள், கருவாட்டுக் கடையின் வாடை, புடவைக் கடைக்காரரின் கூவல், இத்தனைக்கும் நடுவே 1970 களில் என்போன்ற சிறுவரை இழுத்து நிறுத்திய ஓசையொன்று இருந்தது. அது புல்புல்தாராவின் ஓசை.

இந்தக் கருவியை இன்றைய மாணவர் பலர் கண்டிருக்கமாட்டார். நீண்ட மரப்பெட்டியொன்றின்மேல் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தட்டெழுத்துப் பொறியின் விசைகளைப் போன்ற பொத்தான்களை இடக்கை அழுத்த, வலக்கையில் உள்ள சிறு தகடு கம்பிகளை மீட்டும். யப்பானிய நாகோயா நகரில் 1912 ஆம் ஆண்டில் மொரித்தா கோரோ என்பவர் ஆக்கிய 'தைசோகோத்தோ' என்னும் வாத்தியமே பாரதநாட்டுக்கு வந்து இப்பெயர் பூண்டது. ஆங்கிலம் பேசுவோர் இதனை 'இந்திய பேஞ்சோ' என்பர். வீணைக்குரிய கமகம் இதில் பிறவாது. ஆகவே சங்கீத வித்துவான்கள் இதனை மதித்தாரல்லர். தப்பும் உடுக்கும் முழங்கும் காமன் கூத்துக் களத்திலும் இதற்கு இடமில்லை. எங்கும் சேராத அந்தப் பெட்டியைத் தோள்வாரில் தொங்கவிட்டுக்கொண்டு, எங்கும் சேராத ஒரு மனிதர் பாடினார். அவரைப் 'பாட்டுப் புத்தகக்காரர்' என்று அழைத்தோமேயன்றிப் பெயர் சொல்லி அழைத்த ஞாபகம் எனக்கில்லை.

அவருடைய தொழில் நுட்பம் மிக எளியது. ஒரு கதைப் பாட்டைத் தொடங்குவார். கூட்டம் திரளும். கதை இறுகி நிற்கும் இடத்திலே பாட்டை நிறுத்திவிட்டு, மீதி புத்தகத்தில் இருக்கிறதென்று சொல்லி, எட்டுப் பக்கமுள்ள மெல்லிய நூலை உயர்த்திக் காட்டுவார். எழுத்தறியாதவரும் அதை வாங்குவர். லயத்தில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றேனும் இருக்குமல்லவா? என் பாட்டி வாங்கிய புத்தகங்களை உரக்கப் படித்தவன் நான். தமிழை முதன்முதலில் ஓசையோடு வாய்விட்டுப் படித்தது தேவாரத்திலா அந்தப் புத்தகங்களிலா என்று இன்று என்னைக் கேட்டால், உண்மையைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

பாட்டின் தலைப்பிலே இன்ன சினிமாப் பாட்டின் மெட்டு என்று அச்சிட்டிருக்கும். ஆனால் அவர் பாடும்போது அந்த மெட்டு அப்படியே வராது. சினிமாவில் விரைந்து ஓடும் அடி, இவர் வாயில் தெம்மாங்கின் நடைக்கு இறங்கிவிடும். சரணத்தின் கடைசிச் சீரை ஒப்பாரியில் இழுப்பதைப் போல மேலே தூக்கி நிறுத்துவார். அனுபல்லவி என்பதே காணாமற் போய், கண்ணி கண்ணியாகப் பாட்டு வளரும். இசையமைப்பாளர் கேட்டால் தம் மெட்டைக் கெடுத்துவிட்டான் என்பார்; நாட்டார் பாடல் ஆய்வாளர் கேட்டால் சினிமா புகுந்துவிட்டது என்பார். இரண்டும் மெய்யே. அந்த இரண்டுக்கும் இடையிலேதான் அவர் நின்றார்.

பொருளோ விளையாட்டன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களைப் பற்றி 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்று அது பங்கிட்டது. அந்த எஞ்சியோரும் 1974 இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தலைமன்னாருக்குப் போகும் புகையிரதத்தை எம்மவர் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். ஒரே லயத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. அட்டன் புகையிரத நிலையத்தில் அழுகுரலுக்கிடையே அந்தப் பாட்டுப் புத்தகக்காரர் நின்று பாடியதை நான் கேட்டிருக்கிறேன். அன்று அவர் புத்தகம் விற்கவில்லை. புத்தகக் கட்டு அவர் காலடியில் கட்டு அவிழாமலே கிடந்தது.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும்.

பண்டிதப் பரீட்சையில் தேறி ஆசிரியனாக அமர்ந்த புதிது. 1990 களின் தொடக்கம். யாப்பருங்கலக்காரிகை நாவின் நுனியில் நின்ற காலம். அதனால் தலைக்கனமும் சிறிது இருந்த காலம். முதுமை எய்திவிட்ட அந்த மனிதர், அப்பியாசக் கொப்பி ஒன்றிலே தம் பாட்டுக்களை எழுதிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "ஐயா கொஞ்சம் பார்த்து, பிழை இருந்தா திருத்தி, முன்னுக்கு நாலு வரி எழுதித் தந்தா, நல்ல தாளிலே அச்சடிச்சிரலாம்" என்றார். நான் பார்த்தேன். சிவப்பு மையால் எதுகை தவறிய இடத்தையும் மோனை இல்லாத இடத்தையும் சீர் மிகுந்த இடத்தையும் குறித்துக்கொண்டே போனேன். கொப்பி சிவந்துவிட்டது. "பெரியவர் கோபிக்கக்கூடாது, இது பாட்டன்று, சினிமா மெட்டுக்குச் சொல் அடுக்கியது. இதற்கு நான் முன்னுரை எழுதினால் எனக்கும் அழகில்லை, தமிழுக்கும் அழகில்லை" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் கொப்பியை மடித்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, "வாறேனுங்க" என்று எழுந்து போனார். தேநீர் வைத்திருந்தோம்; அதைக் குடித்தாரா என்பதுகூட இன்று நினைவில் இல்லை. மீண்டும் அவரை நான் காணவில்லை.

இதில் வியப்பென்னவென்றால், இத்தகைய பிழைக்கு உதாரணம் நான் அப்போதே அறிந்திருந்தேன். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைக் கொண்டுவந்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சிறப்புப் பாயிரம் கேட்டபோது, இலக்கண வழுக்களைக் கண்ட பிள்ளையவர்கள் தாமதித்தே வந்தார் என்பதும், ஒருநாள் வெளியிலிருந்து பாரதியார் பாடிய கீர்த்தனம் செவியிற் பட்டதும் உள்ளம் உருகிப் பாயிரம் கொடுத்தார் என்பதும் உ. வே. சாமிநாதையரவர்கள் எழுதிவைத்த செய்தி. இந்தக் கதையை வகுப்பில் சுவைபடச் சொல்லும் நான், என் திண்ணையில் வந்தவரை ஒரு கண்ணியேனும் பாடச் சொல்லவில்லை. கொப்பியைப் படித்தேனேயொழியப் பாட்டைக் கேட்கவில்லை. செவிக்குரியதைக் கண்ணால் அளந்தேன்.

அந்தப் பாட்டுப் புத்தகக்காரர் தனியொருவரல்லர். ஒரு மரபின் வழிவந்தவர் என்பதைப் பின்னரே கற்றேன். அம்மரபின் தலைமகள் என்று நான் கருதுவது மீனாட்சி அம்மையை. தஞ்சையிலிருந்து வந்து, இலங்கையில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தி, 1931 இல் அட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை எழுப்பி, 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் அட்டன் தொகுதிப் பிரதிநிதியாக இருந்த கோ. நடேசய்யரின் மனைவி அவர். 'தேசபக்தன்' பணியிலும் தோள்கொடுத்தவர். நடேசய்யரைப் பற்றி எழுதுவோர் அம்மையை ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். எனக்கோ, அந்த அடைப்புக்குறியை உடைத்துப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

அக்காலத் தோட்டம் துரையின் கோட்டை. வெளியார் லயத்துக்குள் காலெடுத்து வைத்தால் அத்துமீறல் வழக்கு. நடேசய்யரே புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்தார் என்று சொல்வர். கூட்டம் நடத்துவதானால் நகரத்துக்கு வந்துதான் நடத்தவேண்டும். அங்கே வருவோரில் பெரும்பாலார் எழுத்தறியாதவர். ஒரு மணிநேரப் பிரசங்கத்தை எவரால் நினைவிற் கொண்டு மலையேற முடியும்? பாட்டானால் ஏறும். கொழுந்துக் கூடையோடு ஏறும், கங்காணியின் காதுக்கு முன்னாலேயே ஏறும், அவனாலும் தடுக்கமுடியாது. மேடைகளிலே மீனாட்சி அம்மை பாடினார். மகாகவி பாரதியின் பாடல்களைப் பாடினார். தாமே பாட்டுக்கட்டியும் பாடினார். சனங்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுக்களிலேயே புதிய சொற்களை ஏற்றினார். மெட்டைக் கற்பிக்க நேரமில்லை. சொல்லைக் கற்பிக்கவே நேரம்.

1939 ஆம் ஆண்டில் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலைசெய்த இந்தியரை வெளியேற்றும் நடவடிக்கை வந்தது. சவகர்லால் நேரு இலங்கைக்கு வந்ததும், இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றியதும் அவ்வாண்டிலேதான். மறு ஆண்டின் தொடக்கத்தில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானான். அந்த 1940 இலே அம்மையின் பாட்டு நூல், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரோடு வெளிவந்தது. பெயரைப் பாருங்கள். ஒரு விசாரணைக் கமிசன் அறிக்கைக்கு வைக்கத்தக்க பெயர்; உள்ளே இருப்பதோ பாட்டு! அந்தப் பெயரை முதலில் கேட்டபோது நகைத்தேன். பின்பு நகைக்கவில்லை. பத்திரிகை எட்டாத லயத்துக்கு அதுவே பத்திரிகை, அதுவே அறிக்கை.

அம்மைக்குப் பின்னர் இந்தத் துறையில் வந்தோர் பலர். கோவிந்தசாமித் தேவர், ஜில் சுல்தான் முதலிய பெயர்களை மலையக இலக்கிய வரலாறு படிப்போர் அறிவர். ஆயின் அறிவது பெயரளவில்தான். ஏன் இவர்கள் மறக்கப்பட்டனர்? பாதிப் பழி நாட்டார் பாடல் தொகுத்தோர் வகுத்த எல்லையைச் சாரும். மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அரும்பாடுபட்டுத் தேடிய பாடல்கள், அவர் 1984 இல் மறைந்தபின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1987 இல் நூலாயின. அந்நூல் இல்லையேல் எமக்குத் தாலாட்டும் இல்லை, தெம்மாங்கும் இல்லை. அவரை நான் குறைகூறேன். ஆனால் வாய்மொழி என்று ஒரு வேலி போட்டவுடன், அச்சிலேறிய பாட்டு வேலிக்கு வெளியே நின்றுவிடுகிறது. மறுபாதியை வானொலிமேல் வைக்கலாம். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950 இல் தொடங்கியபின், மூலச் சினிமாப் பாட்டே லயத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. மூலம் கிடைக்கையில், அந்த மெட்டில் சம்பளக் குறையைப் பாடுகிறவனை யார் தேடுவார்? இந்த இரண்டு பாதிக்கும் மேலே பண்டிதர் பங்கென்று ஒன்றுண்டு. அதை முன்னரே சொல்லிவிட்டேன்.

கடலுக்கு அப்பாலும் இதே கதை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வேர்சீனியா மலைப்பகுதியில் டொக் பொக்ஸ் என்றொரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி இருந்தார். கருப்பின இசைஞரிடம் கண்டதையும் இசைத்தட்டிற் கேட்டதையும் தம் ஊர்ப் பாட்டோடு கலந்து பேஞ்சோ வாசித்தவர். 1927 இல் ஓர் இசைத்தட்டுக் கம்பனி அவரை நியூயோர்க்குக்கு அழைத்து எட்டுப் பாட்டுக்களைப் பதிந்தது. பொருளாதார மந்தம் வந்தது, தட்டு விலைபோகவில்லை, பேஞ்சோவை அடகு வைத்துவிட்டுச் சுரங்கத்துக்கே திரும்பினார். 1963 இல் மைக் சீகர் என்னும் பாடகர் அவரைத் தேடிக் கண்டுபிடித்து மீண்டும் மேடையேற்றினார். 1971 இல் இறக்கும்வரை எட்டாண்டுகள் அவர் பாடினார். சுரங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற முதியவரின் வாசலிலே ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருவர் வந்து நின்ற அந்தக் காட்சியை நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. என் வாசலுக்கோ பாட்டுக்காரரே நடந்து வந்தார்.

சாரல்நாடன் போன்றோர் நடேசய்யரையும் மலையக வாய்மொழி இலக்கியத்தையும் பற்றி எழுதியிராவிட்டால், நான் இவ்வளவு தூரம் வந்திருக்கவும் மாட்டேன். அவற்றைப் படித்தபின், வகுப்பில் மாணவரை நோக்கி, வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய பாட்டுப் புத்தகம் ஏதேனும் கிடந்தால் கொண்டுவருமாறு சொல்லிவருகிறேன். பெரும்பாலும் பஞ்சாங்கமும் பதிவுத் துண்டுமே வரும். கடந்த ஆண்டில் ஒரு மாணவி நான்கு தாள்களைப் பிளாத்திக்கு உறையிலிட்டுக் கொண்டுவந்தாள். மேலட்டை இல்லை, ஆகவே ஆக்கியோன் பெயரும் இல்லை. தலைப்பில் மெட்டின் பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. மெட்டுத் தெரியாத பாட்டு, ஊமையன்றோ? ஈரிடத்தில் சீர் மிகுந்திருந்ததைக் கண்டேன். கை தானாகவே பையிலிருந்த பேனையை நாடியது.

"ஐயா, இது எப்படிப் பாடுறதென்று அம்மாயிக்குத் தெரியும்" என்றாள் அந்தப் பிள்ளை.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் லயத்துக்குப் போனேன். எண்பது கடந்த அந்தத் தாய்க்குக் கண் தெரியாது. தாளை நான் வாசிக்கத் தொடங்கியதும் கையமர்த்திவிட்டு, அடுப்பங்கரையில் இருந்தபடியே தொடையிலே தட்டிக்கொண்டு பாடினார். சீர் மிகுந்திருந்த இரண்டிடங்களிலும் குரல் மேலே தூக்கி நின்றது. மிகுந்த அசைகள் அங்கேதான் வேண்டியிருந்தன.