கச்சேரி முடிந்ததும் எந்த அலுவலகத்துக்குப் போவது?

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உலக நோய் ஆதரவு சிகிச்சை நாள். அதையொட்டிப் பல நாடுகளில் நிதி திரட்டும் இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கவரைப்பேட்டையில் அப்படியொரு கச்சேரி நடந்தால் அவசியம் போங்கள், பணமும் கொடுங்கள். ஆனால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். ரொக்கமாக ரூ.2,000-க்கு மேல் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடையாது. நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அரங்க வாசலில் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒருவரை உட்கார வையுங்கள். பாட்டு கேட்க வந்தவர், வீட்டில் படுத்திருப்பவரின் பெயரை இந்தச் சிகிச்சைக்குப் பதிந்துவிட்டுப் போகட்டும்.

இந்தப் பக்கத்து வீடுகளில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். "இனி ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள். உடனே கோப்பு பீரோவுக்குள் போய்விடுகிறது. புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சாதாரண மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நோய் தீராமல் போகலாம், வலியைத் தணிக்க வழி உண்டு; அதுதான் நோய் ஆதரவு சிகிச்சை. கடைசி வாரம்வரை காத்திருக்கவே வேண்டாம். நோய் தெரிந்த நாளிலிருந்தே இந்தச் சிகிச்சையைக் கேட்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சை வீட்டுக்கே வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பெயரைப் பதியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி அறிக்கை, ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுபோங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். "அப்புறம் வாங்க" என்றால், எந்தத் தேதியில் வீட்டுக்கு வருவார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வரவில்லையா, 104-ஐ அழையுங்கள். படுக்கையில் கிடப்பவரை அலையவிடுவது நிர்வாகமே அல்ல.

மார்ஃபின் பற்றிய பயம் இன்னொரு கொடுமை. கடும் வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அது மருந்துதான். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மாத்திரை கேளுங்கள். போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வைத்திருப்பது எளிதாகிவிட்டது. ஆனால் பஜார் மருந்துக் கடைகளில் பெரும்பாலும் இருக்காது. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, "மார்ஃபின் எங்கே கிடைக்கும், சீட்டு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். கேட்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ.-க்குப் பிடிக்கிறார்களே, அது மாத்திரைக்கு மட்டுமல்ல. நோய்க்கால உதவித்தொகை சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். இதற்கு இரண்டு ஆண்டு தொடர்ந்த வேலையும் போதிய சந்தா நாட்களும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இந்த உரிமை உண்டு. கான்ட்ராக்டர் பணத்தைக் கட்டியிருக்கிறாரா என்பதை நோய் வரும் முன்பே பாருங்கள். ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழை இடைவெளி விடாமல் வாங்கிக் கிளை அலுவலகத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேரே தனியார் மருத்துவமனைக்கு ஓடினால், செலவைத் திரும்பப் பெறப் பெரும்பாடு படவேண்டியிருக்கும். உதவித்தொகை வாங்கும் காலத்தில் நிர்வாகம் நினைத்தபடி வேலையிலிருந்து நீக்க முடியாது. ராஜினாமா கடிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.