ரோக் யானை: ஓர் ஆங்கில அடைமொழியும் போடிமெட்டு மலையும்

ரோக் என்பது கூட்டத்தையோ கட்டுப்பாட்டையோ விட்டு விலகித் தனியே திரிந்து தீங்கு செய்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பெயர்ச்சொல்லாகப் பிறந்து, இன்று பெரும்பாலும் அடைமொழியாகவே வழங்குகிறது. 2023ஆம் ஆண்டுக் கோடையில் அரிக்கொம்பன் என்ற ஆண் யானையைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் இச்சொல் திரும்பத் திரும்ப இடம்பெற்றது. அந்த யானை நடமாடிய சின்னக்கானல் பகுதி, போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்து, பூப்பாறை வழியாக மூணாறு செல்லும் சாலையில் உள்ளது.

சொல்லின் வரலாறு

இச்சொல் பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஊர் ஊராக அலையும் பிச்சைக்காரரைக் குறித்தது. முதலாம் எலிசபெத் அரசி காலத்தில், 1572லும் 1597லும் இயற்றப்பட்ட நாடோடிகளுக்கு எதிரான சட்டங்களில் இது சட்டச் சொல்லாகவே இருந்தது. வேலையின்றித் திரிந்தவரைச் சவுக்கால் அடித்துச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பும்படி 1597ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஆகவே சொந்த இடத்தில் நில்லாமல் அலைவது என்பதே இதன் முதற்பொருள். அயோக்கியன், போக்கிரி என்ற பொருள்கள் அதன்மேல் படிந்தவை.

யானைக்கு இச்சொல் ஒட்டிக்கொண்டதில் இலங்கைக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், 1859இல் வெளியிட்ட தம் நூலில், தனித்துத் திரியும் மூர்க்கமான யானைகளை வெள்ளையர் இப்பெயரால் அழைப்பதைப் பதிவு செய்தார். சிங்களத்தில் கள்ளன் என்று பொருள்படும் ஹொரா என்ற சொல்லின் மொழிபெயர்ப்பாக மட்டும் இதைக் கொள்ள அவருக்கு மனம் ஒப்பவில்லை. டச்சுக்காரர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய வுல்ஃப் என்பவரின் நூலில் வரும் ரொங்கெடோர் என்ற சொல்லையும் அவர் எடுத்துக்காட்டினார்.

அண்டைச் சொற்கள்

அடங்காமையைக் குறிக்கும் ஆங்கில அடைமொழிகள் பல உள்ளன. அகராதியில் ஒன்றுக்கொன்று பொருளாகத் தரப்பட்டாலும் பேச்சில் அவை ஒன்றல்ல. கூட்டத்தைத் தவறவிட்ட மாடு, தெருநாய், குறிதவறிப் பாய்ந்த தோட்டா ஆகியவற்றுக்கு ஸ்ட்ரே என்பர். இதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. வேவர்ட் என்பதில் பிடிவாதம் உண்டு. சொல்பேச்சுக் கேளாமல் தன்போக்கில் போகும் மகனுக்கு அது பொருந்தும். நம் ஊரில் தறுதலை என்று திட்டுவதை விட அதில் கடுமை குறைவு. அன்ரூலி என்பது அடக்க முடியாததைச் சுட்டும். ஆட்டம் போடும் கூட்டத்துக்கும், சீப்புக்கு அடங்காத தலைமயிருக்கும், விமானத்தில் ரகளை செய்யும் பயணிக்கும் அதே சொல்தான்.

எர்ரண்ட் என்பதற்குத் தனிக்கதை இருக்கிறது. பயணம் செய்தல் என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லும், அலைந்து தவறுதல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லும் கலந்து உருவானது அது. அதனால்தான் ஊர் சுற்றும் வீரனுக்கும் விதி மீறியவனுக்கும் ஒரே சொல் கிடைத்தது. இன்றைய இந்திய ஆங்கிலத்தில் முதற்பொருள் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப் ஓட்டுநரும், கடமை தவறிய அதிகாரியும் செய்தித்தாள்களில் எர்ரண்ட் ஆகிறார்கள். இது பெரும்பாலும் பெயருக்கு முன்னால் மட்டுமே வரும். வேவர்ட், அன்ரூலி இரண்டும் வாக்கியத்தின் முடிவில் பயனிலையாகவும் நிற்கும்.

ரோக் இவற்றினின்று வேறுபடுவது ஆபத்து என்ற பொருளால். 1995இல் பேரிங்ஸ் வங்கியைத் திவாலாக்கிய நிக் லீசனுக்கும், திடீரென எழுந்து கப்பலைக் கவிழ்க்கும் பேரலைக்கும், அமெரிக்கா தனக்கு ஆகாத நாடுகளுக்கும் இந்த அடைமொழியே சூட்டப்பட்டது. கட்டுப்பாட்டை மீறித் தன்னிச்சையாகச் செயல்படத் தொடங்குவதை கோ ரோக் என்ற தொடரால் சொல்வார்கள். எழுதும்போது கவனம் தேவை. இச்சொல்லின் இரண்டு எழுத்துகள் இடம் மாறினால் ரூஜ், அதாவது கன்னத்தில் பூசும் செஞ்சாயம் ஆகிவிடும். இந்தப் பிழை அச்சிலும் அவ்வப்போது தலைகாட்டுகிறது.

அரிக்கொம்பன்

மலையாளத்தில் அரி என்றால் அரிசி. பன்னியாறு எஸ்டேட்டின் ரேஷன் கடையைப் பலமுறை உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர் இது. தமிழ்நாட்டில் அரிசிக்கொம்பன் என்றும் சொல்வார்கள். சின்னக்கானலை ஒட்டிய நீர்த்தேக்கத்தின் பெயர் ஆனையிறங்கல். யானைகள் நீருக்கு இறங்கிவரும் இடம் என்பது பெயரிலேயே இருக்கிறது. அந்த வட்டாரத்தில் 2000களின் தொடக்கத்தில் பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலம் வழங்கப்பட்டு, 301 காலனி என்ற குடியிருப்பு உருவானது. நிலமற்ற மக்களுக்கு நிலம் கொடுத்தது நியாயம். யானை நடமாடும் பாதையில் கொடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் அங்கே குடியேறியவர்களும், விடியுமுன் போடியிலிருந்து ஜீப்பில் ஏறித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களும்தான்.

யானையைப் பிடித்துக் கும்கியாக்கும் திட்டம் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் நிபுணர் குழு அமைத்து, யானையை வேறு காட்டுக்கு மாற்றும் முடிவுக்கு வந்தது. 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன், கழுத்தில் ரேடியோ காலருடன் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. அது அங்கே தங்கவில்லை. மேகமலைப் பக்கம் வந்து, மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. 144 தடை உத்தரவு போடப்பட்டது. யானையால் காயமடைந்த ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5 அதிகாலை தமிழ்நாடு வனத்துறை அதை மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோய் மேல் கோதையாற்றுப் பகுதியில் விட்டது.

இந்த ஐந்து வாரச் செய்திகளிலும் அடைமொழி மாறவில்லை. ஆனால் சின்னக்கானலில் அந்த யானை வழிதவறி அலையவில்லை. அதுதான் அதன் இடம். கம்பத்துக்கு வந்தபோதுதான் அது உண்மையில் இடம் மாறியிருந்தது, அதுவும் மனிதர் கொண்டுபோய் விட்டதால். தனித்துத் திரிவதும் குற்றமல்ல. ஆண் யானை பருவமடையும் வயதில் தாயின் கூட்டத்தை விட்டு விலகுவது இயல்பு. மதம் பிடிக்கும் காலத்தில் அதன் மூர்க்கம் கூடும். அந்தக் காலம் முடிந்தால் தணியும்.

சட்டத்தின் சொல்

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்த அடைமொழியை நம்பவில்லை. அதன் 11ஆம் பிரிவு, ஒரு விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானதாகிவிட்டதா என்றே கேட்கிறது. காரணத்தை எழுத்தில் தந்த பிறகே தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தர முடியும். குணத்தைக் கேட்பதற்கும் ஆபத்தைக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. பலரைக் கொன்றதாக 1998இல் பிடிக்கப்பட்ட மூர்த்தி என்ற மக்னா யானை, முதுமலை தெப்பக்காடு முகாமில் சாதுவான கும்கியாக வாழ்ந்து 2024இல் இறந்தது.

தமிழில்

தமிழ் இதழ்களில் இதற்கு ஈடாக நிற்பது பெயரடை அல்ல, அட்டகாசம் என்ற பெயர்ச்சொல். காட்டு யானை அட்டகாசம் என்பது தேய்ந்துபோன தலைப்பு. போக்கிரி யானை என்ற மொழிபெயர்ப்பு எழுத்தில் உண்டு, பேச்சில் ஏறவில்லை. தறிகெட்ட என்ற சொல் பொருளில் நெருங்கி வருகிறது. யானையைக் கட்டும் தூணுக்குத் தறி என்று பெயர். எனவே கட்டிவைத்திருந்த யானைக்கே அது பொருந்தும், காட்டு யானைக்குக் கெடுவதற்குத் தறி ஏது?

மலையில் வழங்கும் பேச்சில் ஒற்றை யானை என்பதே போதும். எச்சரிக்கை அதில் இருக்கிறது, வசை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பெயரும் உண்டு: பலாப்பழத்தை விரும்பியது சக்கக்கொம்பன், மூணாறுப் பக்கம் திரிவது ரஜினி படப் பெயரைக் கொண்ட படையப்பா.