நத்தை தின்ற தோட்டம்

இரவெல்லாம் நல்ல மழை. பொழுது விடிந்தது. அந்தமான் தீவில் ஒரு பெண் தன் தோட்டத்துக்குப் போகிறார். முந்தின நாள்தான் கத்திரி நாற்று நட்டிருந்தார். இப்போது வெறும் குச்சிகள் நிற்கின்றன. இலை ஒன்றுகூட இல்லை. பூசணிக் கொடியின் தளிரும் போய்விட்டது. மண்ணின்மேல் பளபளவென்று கோடு கோடாக ஏதோ காய்ந்திருக்கிறது.

பக்கத்துத் தோட்டக்காரர் எட்டிப் பார்க்கிறார்.

"மழை பெய்ததே அக்கா! நத்தை வராமல் இருக்குமா?" என்கிறார்.

நத்தை இவ்வளவு நாசம் செய்யுமா? செய்யும். இது நம் வயல் வரப்பில் ஊரும் சின்ன நத்தை அல்ல. இதன் பெயர் பெரிய ஆப்பிரிக்க நத்தை.

எங்கிருந்து வந்தது?

இதன் சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. 1847இல் ஒருவர் இதை மொரீசியஸ் தீவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஒரு தோட்டத்தில் விட்டார். அது பெருகியது.

அந்தமான் வங்கக் கடலில் இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தூரம். அங்கே இந்த நத்தை எப்படிப் போனது? இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, ஜப்பான் படை அந்தமானைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில்தான் நத்தை வந்தது என்று சொல்கிறார்கள். போர் முடிந்தது. படை போய்விட்டது. நத்தை போகவில்லை.

எப்படிப் பெருகுகிறது?

இந்த நத்தையின் ஓடு 20 சென்டிமீட்டர் நீளம்வரை வளரும். இதில் ஆண் வேறு, பெண் வேறு என்று கிடையாது. எல்லா நத்தையும் முட்டையிடும். ஒரு தடவைக்கு 100 முதல் 400 முட்டைவரை இடும். ஆண்டில் பல தடவை இடும்.

கீரை, வெண்டை, பப்பாளி, வாழை என்று 500க்கும் மேற்பட்ட செடி வகைகளை இது தின்னும். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்காக வீட்டுச் சுவரில் பூசிய சுண்ணாம்பையும் சுரண்டித் தின்னும். பகலில் மறைந்திருக்கும். இரவில் மேயும். கோடையில் ஓட்டுக்குள் போய் வாயை மூடிக்கொண்டு பல மாதம் கிடக்கும். முதல் மழை விழுந்ததும் வெளியே வரும்.

தீவுக்கு ஏன் அதிக ஆபத்து?

தீவைச் சுற்றிலும் கடல். அங்குள்ள செடிகளும் உயிர்களும் நெடுங்காலமாகத் தனியாக வாழ்ந்தவை. புது எதிரியைச் சமாளிக்க அவற்றுக்குத் தெரியாது. தப்பி ஓட வேறு இடமும் இல்லை.

புள்ளிமானைப் பாருங்கள். நம் காட்டில் அது அழகு. ஆங்கிலேயர் ஆட்சியில் வேட்டைக்காக அதை அந்தமானுக்குக் கொண்டுபோனார்கள். அந்தமான் காட்டில் புலி இல்லை, சிறுத்தை இல்லை. மான்கள் பெருகின. இளஞ்செடிகளை மேய்ந்தன. மரக்கன்று தலையெடுக்க முடியாவிட்டால் காடு எப்படி வளரும்?

நம் வயலில் மழைக்குக் கத்தும் பெரிய தவளையும் இப்போது அங்கே போய்விட்டது. அது அங்குள்ள சிறு தவளைகளையும் பல்லிகளையும் தின்கிறது. கோழிக் குஞ்சையும் விழுங்குகிறது. ஓரிடத்தில் நல்லது, இன்னோர் இடத்தில் தொல்லையாகிறது.

எதிரியைக் கொண்டுவந்தால் தீருமா?

"நத்தையைத் தின்னும் பிராணியைக் கொண்டுவந்து விட்டால் என்ன?" என்று சிலர் நினைக்கலாம். பசிபிக் கடலில் மூரியா என்ற சிறு தீவு இருக்கிறது. அங்கேயும் ஆப்பிரிக்க நத்தை பயிரைத் தின்றது. 1977இல் அங்கே இன்னொரு நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மற்ற நத்தைகளைத் தின்னும் நத்தை. அமெரிக்காவைச் சேர்ந்தது.

என்ன நடந்தது? அந்தத் தீவின் மரங்களில் சின்னஞ்சிறு நத்தைகள் வாழ்ந்தன. அவற்றின் ஓட்டைக் கோத்து மக்கள் மாலை கட்டுவார்கள். வந்த நத்தை, பெரிய நத்தையை விட்டுவிட்டு, இந்தச் சிறு நத்தைகளைத் தேடித் தேடித் தின்றது. பத்தே ஆண்டில் அவை காட்டில் இல்லாமல் போயின. விலங்குக் காட்சி சாலைகளில் காப்பாற்றி வைத்திருந்த சிலவற்றைப் பெருக்கி, இப்போது மீண்டும் காட்டில் விடுகிறார்கள்.

ஒரு தவற்றைத் திருத்த இன்னொரு தவறு செய்யக் கூடாது.

பிறகு என்ன செய்வது?

இந்த நத்தை கேரளத்திலும் தமிழ்நாட்டின் சில இடங்களிலும் உண்டு. அதனால் நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈரச் சாக்கை மாலையில் தோட்டத்தில் விரியுங்கள். அதன் அடியில் பப்பாளி இலையைப் போடுங்கள். நத்தைகள் அங்கே வந்து சேரும். விடியற்காலையில் பொறுக்குங்கள். வெறும் கையால் தொடாதீர்கள். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளுங்கள். எலியிடமிருந்து வரும் ஒரு புழு இந்த நத்தைக்குள் இருக்கலாம். அது நம் உடம்பில் புகுந்தால் மூளையைப் பாதிக்கும் நோய் வரும். குழந்தைகளை விளையாட விடாதீர்கள். காய், கீரையை நன்றாகக் கழுவுங்கள்.

பொறுக்கிய நத்தைகளை உப்பை நிறையக் கரைத்த நீரில் போடுங்கள். செத்த பிறகு குழியில் போட்டு மூடுங்கள். உப்பை நிலத்தில் கொட்டாதீர்கள். மண் கெட்டுவிடும். காலி ஓட்டையும் உடைத்துப் புதையுங்கள். அதில் மழைநீர் தேங்கினால் கொசு வளரும். குப்பைக் குவியலை அகற்றுங்கள். மண்ணுக்குள் முட்டை இருந்தால் தோண்டி அழியுங்கள்.

ஒருவர் மட்டும் பொறுக்கினால் போதாது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து மறுபடி வரும். தெருவே சேர்ந்து, மழைக்காலம் முழுவதும் பொறுக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து நாற்றோ தொட்டிச் செடியோ கொண்டுவந்தால் வேரையும் மண்ணையும் பாருங்கள். தீவுக்குக் கப்பல் ஏறும்போது இன்னும் கவனமாகப் பாருங்கள். ஒரு கைப்பிடி மண்ணில் சில முட்டைகள் இருந்தால் போதும். அடுத்த மழையில் ஒரு தோட்டம் போய்விடும்.

யோசியுங்கள்: உங்கள் ஊருக்கு வெளியிலிருந்து வந்த செடி எது? பிராணி எது? அதனால் வந்தது நன்மையா, தீமையா?