நகலில் வராத நிறம்

2001ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஒரு பூனைக்குட்டி பிறந்தது. உலகில் நகலாக்கத்தின் வழியே பிறந்த முதல் வீட்டுப் பூனை அதுவே. அதற்குச் 'சிசி' எனப் பெயரிட்டனர். உயிரணு வழங்கிய பூனையின் பெயர் 'ரெயின்போ'. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என மூன்று நிறங்களும் திட்டுத்திட்டாய் அமைந்த உடல் அதற்கு. சிசியின் உடலிலோ செம்மஞ்சள் மருந்துக்கும் இல்லை. மரபணுச் சோதனை இரண்டும் ஒன்றே என்றது. கண்ணோ வேறு வேறு என்றது. எதை நம்புவது?

இரண்டையுமே நம்பலாம். மரபணுவை 'உயிரின் வரைபடம்' என்று வகுப்பறையில் சொல்லித் தருகிறோம். அது பிழையன்று, குறையுடைய கூற்று. ஓர் ஏட்டுச்சுவடியை எண்ணிப் பார்ப்போம். எழுத்து முழுவதும் உள்ளே இருக்கிறது. ஆயினும் கயிற்றால் இறுகக் கட்டிய சுவடியைப் படிக்க இயலாது. டிஎன்ஏ இழையும் ஹிஸ்டோன் என்னும் புரதங்களைச் சுற்றியே கிடக்கிறது. எப்பகுதி இறுகிக் கிடக்க வேண்டும், எது தளர வேண்டும் என்பதை மெத்தில் முதலிய வேதிக்குறிகள் உணர்த்துகின்றன. தோல் உயிரணுவும் நரம்பு உயிரணுவும் ஒரே சுவடியை வைத்திருந்தும் வேறு வேறு ஏடுகளைப் படிப்பது இதனால்தான். இக்குறிகளைப் பற்றிய துறையே எபிஜெனெடிக்ஸ். 'எபி' என்பது 'மேல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாதலின், நாம் இங்கு மேல்மரபியல் என வழங்குவோம். மரபணுவின் மேல் இன்னொரு மரபணு இருப்பதாக மாணவர் மயங்காதிருந்தால் போதும்.

இயற்கைக் கருவுறுதலில் விந்தணுவும் முட்டையணுவும் அதற்கெனவே பக்குவப்பட்டு வருகின்றன. அவை இணைந்தபின் பழைய குறிகளில் பெரும்பாலானவை அழிந்து புதியவை எழுதப்படுகின்றன. நகலாக்கத்தில் நிகழ்வது வேறு. முட்டையின் உட்கருவை அகற்றிவிட்டு, வளர்ந்த விலங்கின் உடல் உயிரணுவிலுள்ள உட்கருவை அங்கே வைக்கின்றனர். தோலாகவோ மடியாகவோ வாழ்ந்து பழகிய உட்கரு, தன் பழக்கத்தைச் சில மணி நேரத்திற்குள் மறந்தாக வேண்டும். இம்மறதியையே அறிவியலார் மறுநிரலாக்கம் என்பர். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லாக் கட்டும் அவிழ்ந்துவிடவும் கூடாது. சில மரபணுக்களில் 'தந்தைவழி', 'தாய்வழி' என்னும் முத்திரைகள் உள்ளன. அவை அழியாமல் நிற்க வேண்டும். அவை குலைந்தால் நஞ்சுக்கொடி பிறழும். கன்றும் ஆட்டுக்குட்டியும் அளவுமீறிப் பருத்துக் கருப்பையிலேயே மடிவதும் உண்டு. அத்துன்பம் சுமக்கும் தாய் விலங்கையும் சேரும்.

1996இல் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் டாலி என்னும் ஆடு பிறந்த கதையை அறிவோம். அதற்காக இணைத்த முட்டைகள் 277. வளர்ந்த கருக்கள் 29. உயிருடன் பிறந்தது ஒன்று. அன்று இதைக் கைத்திறக் குறையென எண்ணியவர் பலர். 2014இல் எலிகளில் நடந்த ஆய்வு முதன்மையான முடிச்சு ஒன்றைச் சுட்டியது. ஹிஸ்டோனின் குறிப்பிட்ட ஓரிடத்தில் மூன்று மெத்தில் குறிகள் ஒட்டியிருந்த பகுதிகள், கரு தன் மரபணுக்களை விழிக்கச் செய்யும் வேளையிலும் உறங்கிக் கிடந்தன. அக்குறிகளை நீக்கும் நொதியை முட்டைக்குள் உருவாகச் செய்ததும் கருக்கள் பெருமளவில் வளர்ந்தன. சீனாவின் ஷாங்காய் ஆய்வாளர்கள் இதே வழியைக் குரங்குகளில் கையாண்டு, சோங் சோங், ஹுவா ஹுவா என்னும் இரு குட்டிகளைப் பெற்றதாக 2018இல் அறிவித்தனர். அதற்கும் 79 கருக்களும் 21 வாடகைத் தாய்க் குரங்குகளும் தேவைப்பட்டன. முடிச்சு தளர்ந்தது, முற்றும் அவிழவில்லை.

இனி, சிசியின் நிறத்திற்கு வருவோம். செம்மஞ்சள் நிறத்திற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு. கரு வளரும் தொடக்கத்திலேயே ஒவ்வோர் உயிரணுவும் அவற்றுள் ஒன்றை ஊமையாக்கிவிடும். எதை என்பது தற்செயல். ரெயின்போவின் திட்டுகள் இவ்வாறு விளைந்தவையே. சிசி பிறந்ததோ ஒரே ஓர் உயிரணுவின் உட்கருவிலிருந்து. அதில் செம்மஞ்சளைச் சுமந்த எக்ஸ் ஏற்கெனவே ஊமையாகியிருந்தது. முட்டை அக்கட்டை அவிழ்க்கவில்லை. வெள்ளைத் திட்டுகள் வேறு காரணத்தால் அமைபவை. நிற உயிரணுக்கள் கருவின் உடலில் எவ்வளவு தொலைவு பரவுகின்றன என்பதைப் பொறுத்தவை அவை. ஆதலால் அவற்றையும் அப்படியே நகலெடுக்க இயலாது. இறந்த செல்லப்பிராணியே திரும்பி வருமென எண்ணிப் பெருந்தொகை செலுத்துவோர் இன்று உள்ளனர். அவர்கள் கேட்பது ஒன்று, பெறுவது மற்றொன்று. விற்போர் இதை முதலிலேயே எடுத்துரைப்பதே முறை என்பது நம் கருத்து.

நகல்களின் இக்குறைகள் வழிவழியாகத் தொடர்வதில்லை என்பது வியப்பிற்குரியது. நகலாகப் பிறந்து மிகையாகப் பருத்த எலிகளின் குட்டிகள் இயல்பான எடையுடன் வளர்ந்தன. டாலி இயற்கை முறையில் ஆறு குட்டிகளை ஈன்றது. விந்தணுவும் முட்டையணுவும் உருவாகும்போது பழைய குறிகள் மீண்டும் துடைக்கப்படுவதே காரணம். சிசியும் 2006இல் குட்டிகளை ஈன்றது. ஊமையாய்க் கிடந்த எக்ஸ் முட்டையணுவில் விழித்துக்கொள்ளும் ஆதலால், தன் மேனியில் ஒருநாளும் தோன்றாத செம்மஞ்சளைத் தன் குட்டிக்கு வழங்கும் ஆற்றல் அப்பூனைக்கு இருந்தது.