மாம்பலம் ஏரி இருந்த இடம்

நீங்கள் நிற்பது ஏரிப் படுகை. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரை நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்றனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெட்ராஸ் போட் கிளப் இங்கே படகுப் போட்டிகூட நடத்தியது.

நகரம் பெருகவே, 1923 வாக்கில் நீதிக்கட்சி ஆட்சி ஏரியை வடித்து மனை பிரித்தது. கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர் எழுந்தது. நடுவிலுள்ள பூங்காவுக்கு அன்றைய மாகாண முதல்வர் பனகல் அரசரின் பெயர். உஸ்மான் சாலை, நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் சாலை என்று அக்கட்சிக்காரர்கள் பலர் பெயர்ப்பலகைகளில் குடியிருக்கிறார்கள்.

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு. பார்க்கத்தான் ஏரி இல்லை. பெருமழை வந்தால் நிலைமை வேறு: 2021 நவம்பரில் இந்தத் தெருக்களில் வெள்ளம் தேங்கி நின்றது. வடிகாலாக இருப்பது, அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய்.